பாரோவா, லெண்டா? பொருள் போகும் திசையைப் பாருங்கள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து இருக்கை அண்ணனின் சார்ஜரை இரவல் எடுத்திருந்தேன். அதைச் சொல்வதாக நினைத்து 'ஐ லென்ட் யுவர் சார்ஜர்' என்றேன். "யாருக்குப்பா கொடுத்தே?" என்று அவர் மேசை மேசையாகத் தேடப் போய்விட்டார். அன்று இரவு உட்கார்ந்து பாரோ, லெண்ட் என்ற இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் பிரித்துப் பார்த்தேன்.

படி 1: முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். நமக்கு 'இரவல்' ஒன்றுதான். பின்னால் 'வாங்கு' வரும், அல்லது 'கொடு' வரும். ஆங்கிலத்தில் இரவல் வாங்குவது பாரோ, இரவல் கொடுப்பது லெண்ட். பள்ளியில் 42லிருந்து 17ஐக் கடன் வாங்கிக் கழித்தோமே, பக்கத்திலிருந்த 4-இடமிருந்து 2 ஒரு பத்தை வாங்கியதே, அதுவும் பாரோதான். எனக்கு இந்தக் கணக்குதான் மனதில் நின்றது.

படி 2: நான் மாட்டிக்கொண்டே இருந்த இடம் இது. 'பேனா கொஞ்சம் தர்றீங்களா?' என்பதை 'கேன் யூ பாரோ மீ எ பென்?' என்பேன். வாங்கப்போவது நான், ஆனால் பாரோவை அவர் தலையில் கட்டிவிட்டேன். சரியானவை இரண்டு: 'கேன் ஐ பாரோ யுவர் பென்?', 'குட் யூ லெண்ட் மீ யுவர் பென்?' முதலாவதில் ஐ, இரண்டாவதில் யூ. பாரோவை ஒட்டி 'மீ' வந்தால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். யாரிடமிருந்து என்பதற்கு ஃப்ரம் போடுங்கள்: 'ஐ பாரோட் இட் ஃப்ரம் ஹெர்.'

பாரோ பழைய ஆங்கிலத்தின் போர்கியன் என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கு அடி 'போர்க்', அதாவது பிணை. திருப்பித் தருவேன் என்ற வாக்குறுதி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். அதன் உறவான ஜெர்மன் 'போர்கன்' இன்றும் வாங்குவது, கொடுப்பது இரண்டையும் குறிக்கும்.

படி 3: லெண்ட் முடிவில் 'வண்டி'யில் வரும் மெல்லிய ட. இறந்தகாலமான லென்ட்டில் 'பெட்டி'யில் வரும் அழுத்தமான ட. சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். பாரோவுக்கு பாரோட், அவ்வளவுதான்.

அகராதிச் செயலிகளில் 'கடன்' என்று மட்டும் போட்டிருந்தால் அதை நம்பாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பொருளைவிட அதிலுள்ள உதாரண வாக்கியங்களைப் படியுங்கள்.

பின்சேர்க்கை: 'கேன் ஐ பாரோ யுவர் பாத்ரூம்?' சரியா என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். எடுத்துப்போக முடியாததற்கு 'யூஸ்' போடுங்கள். சர்க்கரைக்கு? வாங்கிய சர்க்கரையையே யாரும் திருப்பித் தருவதில்லை, வேறு ஒரு டம்ளர்தான் தருவோம். ஆனாலும் அதற்கு பாரோ சரியே. அப்புறம், அமெரிக்கர்கள் 'லோன் மீ' என்றும் சொல்வார்கள். அதற்கு லெண்ட் மீ என்றே பொருள்.