அம்மாவுக்குக் கிண்டில், எனக்குக் கைப்பட்டி: முதல் முறை பாவிப்பவர்களுக்கு

எங்கள் வீடு கிளிநொச்சியில், ஏ9 வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே. அம்மாவுக்கு இப்போது புத்தகத்தின் சின்ன எழுத்து பிடிபடுவதில்லை. எனக்கு நாள் முழுக்கக் கதிரையில் இருந்து செய்யும் வேலை. அதனால் அவருக்கு மின்நூல் வாசிக்கும் கருவியான ஒரு கிண்டில், எனக்கு நடையை எண்ணும் கைப்பட்டி என்று வாங்கினோம். இரண்டையும் ஒரே கிழமையில் தொடங்காதீர்கள். ஒன்று கைக்குப் பழகட்டும், அப்புறம் மற்றது.

முதலில் கிண்டில்

பாவித்ததை வாங்குகிறீர்கள் என்றால், பழைய சொந்தக்காரரின் கணக்கு அதிலிருந்து நீக்கப்பட்டதா என்று காசு கொடுக்க முன்னரே பாருங்கள். பிறகு போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து, உங்கள் அமேசான் கணக்கில் பதியுங்கள். இணையவில்லையா? பல பழைய கிண்டில்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். போனின் ஹொட்ஸ்பொட் அமைப்பில் அதைத் தெரிவு செய்தால் சரிவரும்.

அடுத்தது புத்தகம். 1998 தைப்பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத்தளத்தில் பழைய இலக்கியங்கள் இலவசமாக உண்டு. ப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் புதிய எழுத்தும் கிடைக்கும். ஈபப் (EPUB) என்ற மின்நூல் கோப்பாகவே இறக்குங்கள். அதைக் கேபிள் போட்டு நேரே கொப்பி பண்ணினால் கிண்டில் திறக்காது. உங்கள் கிண்டிலுக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும், அதற்கு அனுப்ப வேண்டும். எந்த முகவரியிலிருந்து அனுப்புகிறீர்களோ, அதை அமேசான் கணக்கில் அனுமதிக்கப்பட்ட முகவரிகளில் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். பலர் இந்த இடத்தில்தான் மினக்கெடுவார்கள்.

நூலகம் என்ற இணையத்தளத்தில் நம் ஊர்ப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை ஸ்கான் செய்த பக்கங்கள், அதாவது படங்கள். எழுத்தை மட்டும் பெருப்பிக்க முடியாது. ஆறு அங்குலத் திரையில் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிவரும். அவற்றைப் பெரிய திரையுள்ள டப்லெட்டில் வாசிப்பதே நல்லது.

இனி எழுத்தின் அளவு. பக்கத்தின் மேல்பகுதியைத் தட்டினால் அதற்கான அமைப்பு வரும். பெரிது நல்லது என்று கூட்டிக்கொண்டே போனால் வரிக்கு இரண்டு சொல்தான் நிற்கும், பக்கம் தட்டித் தட்டி விரல் களைத்துவிடும். அம்மாவின் கையில் கொடுத்து, ஒவ்வொரு அளவாகக் கூட்டி, ஒரு பந்தியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். வரிக்கு நாலு சொல் நின்றபோது தடக்காமல் வாசித்தார். பிறகு வரிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியையும் ஒரு படி கூட்டினேன். 'கு', 'மூ' போன்ற எழுத்துகளின் கீழ்வளைவு அடுத்த வரியின் மேல்சுழியோடு நெருங்காமல் இருந்தால்தான் வயதான கண்ணுக்குச் சுகம்.

இந்தத் திரையில் மின்னேற்றப்பட்ட கறுப்பு, வெள்ளைத் துகள்கள்தான் எழுத்தாகின்றன. பக்கம் மாறும்போது அவை இடம் மாறும், பிறகு மின்சாரம் இல்லாமலே அப்படியே நிற்கும். அதனால்தான் பற்றரி கிழமைக்கணக்கில் வருகிறது, முற்றத்து வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. உள்விளக்கைப் பகலில் குறைத்து வையுங்கள்.

கைப்பட்டி

போனில் அதற்கான செயலியைப் போட்டு, புளூரூத்தில் இணைத்து, வயது, உயரம், நிறை மூன்றையும் உண்மையாகக் கொடுங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, வழுக்காமலும் இறுக்காமலும் கட்டுங்கள். அடியில் மினுங்கும் பச்சை வெளிச்சம் தோலுக்குக் கீழே ஓடும் இரத்தத்தைப் பார்த்துத்தான் துடிப்பைக் கணிக்கிறது. தளர்ந்தால் கணக்குப் பிழைக்கும்.

இனி ஒரு சின்னப் பரிசோதனை, இதைக் கட்டாயம் செய்யுங்கள். கையை வீசி, வாயால் எண்ணி, 100 காலடி நடந்து பட்டியைப் பாருங்கள். பிறகு பட்டி கட்டிய கையால் இடுப்பில் தண்ணீர்க் குடத்தை அணைத்தபடி அதே 100 காலடி. இரண்டாவது முறை எண்ணிக்கை குறைவாக வரும், ஏனென்றால் பட்டி அடியை எண்ணுவது கையின் அசைவை வைத்துத்தான். சைக்கிளை உருட்டிச் செல்லும்போதும் இதே கதை. மண்வெட்டி பிடித்தால் நடக்காமலே அடி ஏறலாம். தோட்டத்தில் முறிந்து வேலை செய்துவிட்டு எண்ணிக்கை குறைவென்று கவலைப்பட வேண்டாம்.

ஆகவே அடியை விட நிமிடத்தைக் கவனியுங்கள். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. மிதமா என்று அறிய 220இலிருந்து வயதைக் கழியுங்கள். 45 வயதென்றால் 175, அதுதான் இருதயம் நிமிடத்துக்குத் துடிக்கக்கூடிய உச்ச அளவு, ஏறக்குறைய. அதில் பாதி முதல் 70 வீதம் வரை, அதாவது ஏறக்குறைய 88 முதல் 122 வரை துடிப்பு நின்றால் போதும். கதைக்க முடிகிறது, பாட முடியவில்லை என்றாலும் அதே அளவுதான். இருதய வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நான் பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் முற்றத்தைச் சுற்றுவேன். ஆண்ட்ராய்டு போனில் திரையில் உள்ளதைத் தமிழில் வாசித்துக் காட்டும் வசதி உண்டு, அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதியில் தேடுங்கள். அதில் கதை கேட்டபடி நடக்கலாம். ஆனால் ஒரு காதை வெறுமையாக விடுங்கள். பொழுதுபட்டால் நம் பக்கம் பாம்பு நடமாட்டம் உண்டு, வழியில் ரோர்ச்சும் வேண்டும்.

இரவு பட்டியைக் கழற்றி, வியர்வை போகத் தண்ணீரில் அலசி, துடைத்து வையுங்கள். ஈரத்தோடு கட்டியே படுத்தால் மணிக்கட்டு கடிக்கத் தொடங்கும்.