சொந்த வீட்ட ஊர் ஆளுங்களோட சேர்ந்து கட்டப் போறீங்களா, இத படிச்சிட்டு ஆரம்பிங்க

மலேசியாவுல பேராக் மாநிலத்துல சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்துல இருந்து வெளியாகி சொந்தமா ஒரு துண்டு நிலம் வாங்கி வச்சிருக்கிற குடும்பங்க நிறைய பேரு கேக்கிற கேள்வி இது, கோயில் இளைஞர்ங்க, பழைய லயத்து ஆளுங்க, தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கத்துல உள்ளவங்கன்னு ஞாயித்துக்கிழமைல வந்து உதவி பண்ண தயாரா இருக்காங்க, நாங்க குடும்பமா என்ன செய்யணும்? எல்லாரும் நினைக்கிறது செங்கல் தூக்கணும் சிமெண்ட் குழைக்கணும்னு. அதுவும்தான், ஆனா அது சின்ன பங்கு. குடும்பத்தோட உண்மையான வேலை திங்கள்ல இருந்து சனி வரைக்கும் நடக்கிறது. ஞாயித்துக்கிழமை முப்பது பேரு வந்து நிக்கும்போது மணல் வரல, கம்பி வரல, என்ன வேலைன்னு சொல்ல ஆளில்லன்னா அந்த முப்பது பேர்ல பாதி அடுத்த வாரம் வரமாட்டாங்க, அவங்கள குத்தம் சொல்லவும் முடியாது.

முதல்ல காகிதம். இத யாரும் கேக்க விரும்பமாட்டாங்க ஆனா இதுலதான் நிறைய குடும்பம் மாட்டிக்குது. தோட்டத்து லயத்து வீடு கம்பெனியோடது, அதுல ஒட்டி ஒரு ரூம் கட்டினாலும் அது உங்களுது ஆகாது, அதுல காச போடாதீங்க. சொந்த நிலம்னா கிரான்ட, அதாவது நிலப் பட்டாவ, எடுத்து பாருங்க, யார் பேர்ல இருக்கு, விவசாய நிலமா கட்டட நிலமான்னு அதுலயே போட்டிருக்கும், விவசாயம்னு இருந்தா நில அலுவலகத்துல போய் வீடு கட்ட என்ன செய்யணும்னு கேட்டுட்டு வாங்க. தாத்தா பேர்ல இருக்கிற நிலத்துல மூணு பிள்ளைங்களுக்கும் பங்கு இருக்குன்னா வீடு கட்டுறதுக்கு முன்னாடி அத பேசி முடிங்க, சுவரு எழும்பின பிறகு பேசினா சண்டைதான்.

அடுத்தது பிளான். 1974-ம் வருஷத்து சாலை, வடிகால், கட்டடச் சட்டம், 133-வது சட்டம்னு சொல்வாங்க, அது படி ஊராட்சி மன்றத்தோட அனுமதி இல்லாம வீடு கட்டக் கூடாது, சொந்த நிலமா இருந்தாலும் சரி, கூலி இல்லாம ஊர் ஆளுங்க கட்டிக் கொடுத்தாலும் சரி. சுங்கை சிப்புட்டுக்கு அது குவாலா கங்சார் நகராண்மைக் கழகம். பிளான ஆர்க்கிடெக்ட், இஞ்சினியர் இல்லன்னா பதிவு பெற்ற பிளான் வரையறவர்தான் அனுப்பணும். அவரு காசு கேப்பாரு, கொடுக்கணும், இதுல மட்டும் இனாம் தேடாதீங்க, ஏன்னா 2007-ல இருந்து வீடு முடிஞ்சதும் குடியேறலாம்னு சான்றிதழ் கொடுக்கிறதும் அந்த நிபுணர்தான், சிசிசின்னு சொல்றது அதான். பாதி வேலை முடிஞ்ச பிறகு அவர கூப்பிட்டா அவரு பாக்காத அஸ்திவாரத்துக்கு எப்படி கையெழுத்து போடுவாரு?

காசு விஷயத்துல ரெண்டு விஷயம் சொல்லிடுறேன். ஊழியர் சேமநிதி, அதான் ஈபிஎஃப்ல, 2024 மே மாசத்துல இருந்து மூணு கணக்கா பிரிச்சிட்டாங்க, அதுல செஜாத்ரா கணக்குல உள்ளத வீடு கட்ட எடுக்கலாம், காகிதம் நிறைய கேப்பாங்க, முன்னாடியே கவுண்டர்ல போய் லிஸ்ட் வாங்கி வச்சுக்கங்க. இன்னொன்னு, நிலம் இருக்கு ஆனா வருமானம் கம்மி, சரியான வீடு இல்லன்னா எஸ்பிஎன்பிங்கிற அரசாங்க வீட்டு கம்பெனி நடத்துற ரூமா மெஸ்ரா திட்டத்துக்கு மனு போட்டு பாருங்க, அது அவங்க காண்ட்ராக்டர் வச்சு கட்டிக் கொடுக்கிறது. அது கிடைச்சா நல்லது, ஊர் ஆளுங்கள வேலிக்கும் கால்வாய்க்கும் கூப்பிட்டுக்கலாம். எல்லாத்தையும் நம்ம கையாலயே செஞ்சாதான் பெருமைன்னு ஒன்னும் இல்ல.

இப்படி குடும்பமும் ஊரும் சேந்து கட்டுற முறை நம்மளா கண்டுபிடிச்சதும் இல்ல. அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல 1976-ல ஆரம்பிச்ச ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி இத ஒரு விதியாவே வச்சிருக்கு, வீடு வாங்கப் போற குடும்பம் தன் வீட்டுலயும் மத்தவங்க வீட்டுலயும் இத்தன மணி நேரம் உழைக்கணும்னு கணக்கு உண்டு, முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1984-ல இருந்து வருஷா வருஷம் சுத்தியல தூக்கிட்டு போனது அவங்க வேலைக்குத்தான். அதுல எனக்கு பிடிச்ச விஷயம் என்னன்னா, செங்கல் தூக்க முடியாதவங்க ஆபீஸ்ல உக்காந்து காகித வேலை பாத்தாலும் அதுவும் உழைப்புக் கணக்குல சேரும். நம்ம நாட்டுல எபிக் ஹோம்ஸ்னு ஒரு அமைப்பு ஓராங் அஸ்லி, அதாவது பூர்வகுடி குடும்பங்களுக்கு தொண்டர்ங்கள வச்சு சில நாள்லயே வீட்ட எழுப்பிடுறாங்க, அது எப்படி முடியுதுன்னா வீட்ட துண்டு துண்டா முன்கூட்டியே திட்டம் பண்ணி, தொண்டர்ங்களுக்கு முதல்லயே பயிற்சி கொடுத்திடுறாங்க. நம்ம கொத்தோங் ரோயோங்ல, அதாவது ஊரே சேந்து செய்யிற வேலைல, இல்லாதது அந்த முன் வேலைதான், மனசு நம்மகிட்டயும் தாராளமா இருக்கு.

சரி வேலைக்கு வருவோம். ஒரே ஒரு தலை வேணும். கொத்து வேலை தெரிஞ்ச ஒருத்தர, நாள் கூலி கொடுத்தாவது, ஞாயித்துக்கிழமை முழுக்க நிக்க வைங்க. மாமா ஒன்னு சொல்வாரு, சித்தப்பா ஒன்னு சொல்வாரு, கோயில் தலைவர் வந்து இன்னொன்னு சொல்வாரு, வயசுக்கு மரியாதை கொடுக்கிற ஊர் இது, அதனால முதல் நாளே எல்லார் முன்னாடியும் "மேஸ்திரி அண்ணன் சொல்றதுதான் இங்க"ன்னு வீட்டு பெரியவரு வாயால சொல்ல வச்சிடுங்க. பிள்ளைங்க சொன்னா எடுபடாது, பெரியவரு சொன்னா எடுபடும்.

ரப்பர் வெட்டி எடுத்த நிலம்னா அடிக்கட்டை, வேர் எல்லாத்தையும் தோண்டி எடுக்காம அஸ்திவாரம் போடாதீங்க. மண்ணுக்குள்ள விட்ட கட்டை அழுகி குழி விழும், அதவிட முக்கியம் கறையான், பழைய ரப்பர் கட்டைய சாப்பிடுற கறையான் அடுத்து உங்க கதவு நிலைக்கு வரும். தரை கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி மண்ணுக்கு மருந்து அடிக்க லைசென்ஸ் உள்ள ஆளக் கூப்பிடுங்க. அப்புறம் விலை கம்மின்னு பச்சை ரப்பர் பலகைய கதவு நிலைக்கு போடாதீங்க, மருந்து ஏத்தி காய வைக்காத ரப்பர் மரத்துல பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் ஏறும்.

எந்த வேலைய தொண்டர்ங்ககிட்ட கொடுக்கலாம், எத கொடுக்கக் கூடாதுங்கிறதுல நான் கொஞ்சம் கண்டிப்பு. அஸ்திவாரக் கம்பி கட்டுறது, தூண், பீம், கூரை மேல ஏறுறது, கரண்ட் வேலை, இதெல்லாம் தெரிஞ்ச கூலி ஆளுங்களுக்கு. ஆர்வமா இருக்காங்கன்னு இருபது வயசு பையன கூரைல ஏத்தி விட்டு ஏதாவது ஆனா அந்த வீட்டுல எப்படி நிம்மதியா படுப்பீங்க. மண் தோண்டுறது, நிரப்புறது, செங்கல் இறக்கி கை மாத்தி கொடுக்கிறது, கலவை சுமக்கிறது, உள் சுவர் எழுப்புறது, பூச்சுக்கு கலவை எடுத்து கொடுக்கிறது, பெயிண்ட், வேலி, கால்வாய், குப்பை அள்ளுறது, இது எல்லாம் ஊர் கைக்கு.

இப்ப வரிசை. இத மட்டும் நல்லா கேட்டுக்கங்க, ஏன்னா இதுதான் மழைல இருந்து காப்பாத்தும். தூண், பீம் போட்டு கூரைய முதல்ல ஏத்திடுங்க, சுவர் எல்லாம் அப்புறம். கூரை வந்துட்டா தொண்டர்ங்க நிழல்ல நின்னு வேலை செய்யலாம், ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர் மாசத்துல மத்தியானத்துக்கு மேல இடியும் மழையும் கொட்டும்போதும் உள்ள சுவர் ஓடும். மழை பேஞ்சா ரப்பர் மரத்துல பால் வெட்ட முடியாது, தோட்டத்து ஆளுங்க சும்மாதான் இருப்பாங்க, கூரை இல்லாத வீட்டுக்கு அவங்க வந்து என்ன பண்றது, கூரை இருந்தா அந்த மழை நாளும் உங்களுக்கு வேலை நாள். இடி இடிச்சா மட்டும் சாரத்துல இருந்து எல்லாரையும் இறக்கிடுங்க, பேச்சே கிடையாது.

தரை கான்கிரீட்டுக்கு ரெடிமிக்ஸ் லோரி உள்ள வர முடியுமான்னு முன்னாடியே பாதைய பாருங்க, செம்மண் பாதைல மழைக்கு மறுநாள் லோரி புதைஞ்சா அன்னைக்கு எல்லாரும் லோரி தள்ளுற வேலைதான். வர முடியலன்னா கலவை மெஷின் வாடகைக்கு எடுங்க. சின்ன வேலைக்கு, நடைபாதை மாதிரி, ஒன்னு சிமெண்ட் ரெண்டு மணல் நாலு கல் போதும், தூணுக்கும் பீமுக்கும் இஞ்சினியர் பிளான்ல என்ன போட்டிருக்கோ அதான், நீங்களா கணக்கு போடாதீங்க. செங்கல் ஒட்ட ஒன்னு சிமெண்ட்டுக்கு ஆறு மணல். எல்லாத்தையும் ஒரே வாளில அளந்து போடுங்க, சங்கோல்ல, மண்வெட்டில, குத்து மதிப்பா போட்டா ஒவ்வொரு கலவையும் ஒவ்வொரு மாதிரி வரும். குழைக்க லேசா இருக்குன்னு தண்ணி ஊத்திக்கிட்டே போற ஆள் எல்லா கூட்டத்துலயும் ஒருத்தர் இருப்பாரு, தண்ணி கூடினா பலம் போகும், அவருக்கு வேற வேலை கொடுங்க.

செங்கல் கணக்கு, கல்ல நீளவாட்டுல ஒரே வரிசையா வைக்கிற ஒத்தக் கல் சுவருக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 60 கல் போகும், மூணு மீட்டர் நீளம் மூணு மீட்டர் உயரம்னா 540, உடையிறதுக்கு கொஞ்சம் கூட்டி வாங்குங்க. சனிக்கிழமையே ஒவ்வொரு ரூமுக்குள்ளயும் அந்தந்த சுவருக்கு வேண்டியத அடுக்கி வச்சிட்டா ஞாயிறு காலைல ஏழு மணிக்கு நூல் கட்டி முதல் வரிசை போயிடும், இது குடும்பத்தோட வேலை. ஒரே நாள்ல ஒன்றரை மீட்டருக்கு மேல எழுப்ப விடாதீங்க, ஆளு நிறைய இருக்காங்கன்னு ஏத்திக்கிட்டே போனா பச்சை சுவர் சாயும். தூக்குக்குண்டும் ரசமட்டமும் மேஸ்திரி கைல, மத்தவங்க கண்ணளவு வேணாம். குழைச்ச கலவைய ஒன்றரை மணி நேரத்துக்குள்ள முடிக்கிற அளவுக்குத்தான் குழைக்கணும், பசியாறிட்டு வந்து காஞ்சத தண்ணி தெளிச்சு திரும்ப கிண்டுறதெல்லாம் கூடாது.

சிமெண்ட் மூட்டை 50 கிலோ, ரெண்டு பேரா தூக்க சொல்லுங்க, வாராவாரம் வேண்டியத மட்டும் வாங்குங்க, நம்ம ஈரக் காத்துல தரைல போட்டு வச்சா கட்டி பிடிச்சிடும், பலகை மேல சுவர ஒட்டாம அடுக்குங்க. ஈர சிமெண்ட் தோல தின்னும், முதல்ல தெரியாது சாயங்காலம்தான் எரியும், ரப்பர் பூட்ஸ் கையுறை இல்லாம சிலிப்பர்ல வந்தவங்கள கலவை பக்கம் விடாதீங்க. சின்ன பிள்ளைங்களுக்கு சைட்ல இடமே கிடையாது, பக்கத்து வீட்டுல ஒரு அக்காகிட்ட விட்டுடுங்க.

கான்கிரீட் போட்ட பிறகு ஏழு நாளாவது ஈரமா வச்சிருக்கணும், காலை சாயங்காலம் தண்ணி அடிக்கிறது, சாக்கு நனைச்சு போடுறது. முழு பலம் வர 28 நாள் ஆகும். இதுக்கு எந்த தொண்டரும் செவ்வாய்க்கிழமை வரமாட்டாரு, ஸ்கூல் விட்டு வந்த பிள்ளை, வேலை முடிஞ்சு வந்த அப்பா, இவங்க வேலைதான் இது. வீட்டோட ஆயுசுக்கு குடும்பம் செய்யிற வேலைல இதவிட பெருசு இல்ல. ஆனா அந்த தண்ணி டிரம்ம மூடி வைங்க, வாளிய கவுத்து வைங்க, ஏடிஸ் கொசு உற்பத்தி ஆனா டிங்கியும் வரும் சுகாதார ஆபீசர் அபராதமும் வரும்.

சாப்பாடு. வீட்டு பொம்பளைங்க எல்லாரும் அடுப்படிலயே நின்னுட்டா அது அவங்க வீடு மாதிரியே இருக்காது, அவங்களுக்கும் சுவர் கட்ட ஆசை இருக்கும்ல. வாரம் ரெண்டு வீடு சமையல்னு முறை வச்சுக்கங்க, கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்லமாட்டாங்க. காலைல பசியாற மீஹூனோ நாசி லெமாக்கோ, பத்து மணிக்கு தேத்தண்ணி, மத்தியானம் சோறு சாம்பார் ஒரு கறி. மலாய்க்கார, சீன நண்பர்ங்களும் வருவாங்க, மாட்டிறைச்சி பன்றி ரெண்டும் வேணாம், கோழி ஹலால் கடைல வாங்குங்க, சைவம் தனி பாத்திரம். வேலை முடியிற வரைக்கும் பியர் கிடையாதுன்னு முதல் வாரமே சொல்லிடுங்க, ரெண்டு பேரு முகம் சுளிப்பாங்க, பரவால்ல.

நாள் பாத்துக்கங்க, தைப்பூசம், பங்குனி உத்திரம், தோட்டத்து கோயில் திருவிழா, தீபாவளிக்கு முந்தின ரெண்டு வாரம், இந்த நேரம் ஆள் வராது, அப்ப கூலி ஆளுங்க வேலைய வச்சுக்கங்க. வர்றவங்க பேரு, ஃபோன் நம்பர், என்ன வேலை தெரியும், யாரு கருவி கொண்டு வந்தாங்கன்னு ஒரு நோட்டு புத்தகத்துல எழுதுங்க. கருவிக்கு கலர் டேப் சுத்தி பேர் போடுங்க, கரண்டி ஒன்னு காணாம போனதுல பேச்சு நின்ன வீடு உண்டு. முதலுதவி பெட்டி, பக்கத்து கிளினிக் நம்பர் சுவத்துல. முடிஞ்சா குழு விபத்து இன்சூரன்ஸ் ஒன்னு எடுங்க.

கடன் கணக்கும் அந்த நோட்டுலயே இருக்கட்டும். இன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தவரு நாளைக்கு கட்டும்போது உங்க வீட்டுல இருந்து ஒரு ஆளாவது போகணும். மஇகா தலைவரா இருந்த துன் சம்பந்தன் 1960-ல தோட்டத் தொழிலாளிங்ககிட்ட கொஞ்சம் கொஞ்சமா பங்கு சேத்து நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாரு, துண்டு போட்டு வித்துக்கிட்டிருந்த தோட்டங்கள வாங்க. அவரு இதே சுங்கை சிப்புட் ஆளுதான், இந்த ஊருல போய் சேந்து செய்யிறதப் பத்தி யாருக்கும் புதுசா சொல்லித்தர தேவையில்ல.

கடைசியா சொல்ல வேண்டியது வயரிங். பதிவு பெற்ற கரண்ட் காண்ட்ராக்டரும் அவரோட லைசென்ஸ் உள்ள வயர்மேனும்தான் செய்யணும், மின்சார கம்பெனி தெனாகாவோட மீட்டருக்கு மனுவும் அந்த காண்ட்ராக்டர் மூலமாத்தான் போகும், பூச்சு பூசுறதுக்கு முன்னாடியே பைப்ப சுவத்துக்குள்ள போட சொல்லிடுங்க, பூசின சுவர உடைக்கிறத தொண்டர்ங்க பாத்தா மனசு நொந்துடுவாங்க. பால் காய்ச்சுற தேதிய சிசிசி கைக்கு வந்த பிறகு ஐயர்கிட்ட கேளுங்க, முன்னாடி கேட்டா அந்த தேதிக்கு ஓடுறேன்னு பாத்ரூம் தரை சரிவு தப்பா போயிடும்.