கோழிக்கறிக்குத் தனியாக எண்ணெய் வேண்டாம்
1 கிலோ கோழிக்கறிக்கு எண்ணெய் ஊற்றாமல், தண்ணீர் சேர்க்காமல் பிழிந்த கெட்டித் தேங்காய்ப்பால் 250 மில்லியைச் சட்டியில் ஊற்றி, அது வற்றி ஓரமெல்லாம் பளபளவென்று எண்ணெய் பிரியும்வரை மிதமான தீயில் கிண்டுங்கள், அப்புறம் பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை, வெங்காயம், தண்ணீரில் குழைத்த கறித்தூள் என்று வழக்கம்போல வதக்கலாம். பாலில் உள்ள தண்ணீர் ஆவியானதும் சட்டியில் நிற்பது தேங்காயெண்ணெய்தான், மசாலாவின் மணமும் நிறமும் கொழுப்பில்தான் நன்றாக இறங்கும். அடியில் தங்கும் பழுப்புக் கசடை வழித்துப் போட்டுவிடாதீர்கள், குழம்புக்கு ருசியே அதில்தான். கோழி வேக இரண்டாம் பால் போதும்.

பெட்டியில் விற்கும் தேங்காய்ப்பாலில் இது பெரும்பாலும் சரிவராது, பிரியாமல் இருக்கவே அதில் பல நிறுவனங்கள் ஏதாவது சேர்க்கின்றன, எவ்வளவு கிண்டினாலும் கூழாகத்தான் நிற்கும். கோலாலம்பூரில் சௌக்கிட் சந்தையிலோ பினாங்கில் புலாவ் தீக்குஸ் சந்தையிலோ பால் வாங்கினால் தண்ணீர் விடாமல் பிழியச் சொல்லுங்கள், நம் வெயிலுக்குச் சீக்கிரம் புளித்துவிடும், அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். சொதி மாதிரி வெள்ளையாக, பால் திரியாமல் இருக்க வேண்டிய குழம்புக்கு இந்த முறை ஆகாது.