விட்ட பாடத்தைப் பிடிக்க ஓடாதீர்கள்

மாதக்கணக்கில் போனில் படித்த பிள்ளை மறுபடி வகுப்புக்குப் போனதும், "விட்டதையெல்லாம் பிடிக்கணும்" என்று டியூஷனில் தள்ளி பாடத்தை விரட்டுகிறோமே, இருப்பதிலேயே பெரிய தவறு அதுதான். கொரோனாவுக்கு அப்புறம் 2021 நவம்பர் 1 அன்று கேரளத்தில் ஒன்று முதல் ஏழு வரையும், அதே நாளில் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையும் வகுப்புகள் திறந்தபோது, பாலக்காடு–பொள்ளாச்சி எல்லையில் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் இரண்டு புறமும் இதே ஓட்டம்தான். கேரளத்தின் விக்டர்ஸ் பாடச் சேனல் பார்த்த பிள்ளையோ தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி பார்த்த பிள்ளையோ, பாடத்தைப் பார்த்தது சரி, அதில் எவ்வளவு மனதில் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் எவ்வளவு வருகிறது என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் அசர் கணக்கெடுப்பின் 2022 அறிக்கைப்படி, நாட்டின் கிராமப்புறங்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 20.5 சதவீதம்தான், 2018-இல் 27.3. (கொரோனாவுக்கு முன்னாலும் நாம் ஒன்றும் பெரிதாகக் கிழித்துவிடவில்லை.)

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்தல் வரவில்லையென்றால் வகுத்தலையே பத்துத் தடவை போட வைக்காதீர்கள். 402-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள், நடுவில் இருக்கும் பூஜ்யத்தில் கடன் வாங்கத் தெரியாமல் முழிக்கும். கடன் வாங்கிக் கழித்தலும் வாய்ப்பாடும் இல்லாமல் வகுத்தல் எங்கிருந்து வரும்? இறங்கிப் போய் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், தமிழ்நாட்டின் எண்ணும் எழுத்தும் திட்டம் ஒரே வகுப்புக்குள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததும் இதற்காகத்தான். ஆனால் தங்கச்சி முன்னால் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்து மானத்தை வாங்க வேண்டாம், அதே கணக்கைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

நம் ஊர்ப் பக்கம் இன்னொன்று உண்டு. தமிழில் பிழை விட்டால் உடனே "மலையாளமும் சேர்த்துப் படிக்கிறதால குழம்புது" என்று பழியைத் தூக்கி அதன் மேல் போட்டுவிடுவோம். சொல்லி எழுத வைத்துப் பாருங்கள்: பெரும்பாலும் கு கூ, து தூ, மு மூ வரிசையில்தான் தடுக்கும். கா, சா, தா போல ஒரே குறி எல்லாவற்றுக்கும் வருவதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம், அது கையால் எழுதி எழுதித்தான் படியும், திரையைப் பார்த்துப் படியாது. தினமும் ஐந்து வரி போதும். ஒரே நாளில் நாலு பக்கம் காப்பி எழுத வைத்தால் கைதான் வலிக்கும்.

போர்டில் இருப்பதை எழுதி முடிக்கவில்லை என்று டீச்சர் சொன்னால் வீட்டுக்கு வந்ததும் சோம்பேறி என்று திட்டுவதும் வழக்கம். எழுதிப் பழக்கம் விட்டுப்போன கைக்கு வேகம் வர நாளாகும். அதைவிட முக்கியம், கண்ணைக் காட்டினீர்களா? வெகுநாள் போனையே பக்கத்தில் வைத்துப் பார்த்த பிள்ளைக்கு தூரத்து எழுத்து மங்கலாகத் தெரிந்தால் அதுவாக வந்து சொல்லாது, பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதும், அதற்கும் அடி வாங்கும்.

போனை முதல் நாளே பிடுங்கிப் பரண்மேல் வைக்காதீர்கள். நேரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், ராத்திரி தூங்கும் நேரத்தைப் பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே சரிசெய்யுங்கள்.

கடைசியாக, திங்கட்கிழமை காலை வயிற்றுவலி. நடிப்பு என்று அதட்டுவதும் தவறு, பாவம் என்று லீவு போட்டுவிடுவதும் தவறு. ஒரு நாள் லீவு கிடைத்தால் அடுத்த நாள் போவது இன்னும் கஷ்டமாகிவிடும். யார் பக்கத்தில் உட்கார்கிறான், இடைவேளையில் யாரோடு விளையாடுகிறான் என்று மெதுவாகக் கேளுங்கள், டீச்சரிடம் சொல்லி தெரிந்த பையன் பக்கத்தில் உட்கார வையுங்கள், அப்படியும் இரண்டு வாரத்துக்கு மேல் வலி தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.