2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் நேரத்தைக் குறைப்பது எப்படி? படைத் தேர்வுக்கு 8 வாரப் பயிற்சி

தினமும் ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு முழுத் தூரத்தையும் உயிரைக் கொடுத்து ஓடுகிறவர்களுக்கு முதல் இரண்டு மூன்று வாரம் நேரம் குறையும். அப்புறம் எவ்வளவு முக்கினாலும் நகராது. என் நேரமும் அப்படித்தான் நின்றது. தேர்வு வேகத்தில் ஓடுவதை வாரத்துக்கு ஒரே நாளாக்கி, மற்ற நாட்களில் மெதுவாக ஓடத் தொடங்கிய பிறகுதான் அசைந்தது.

தூரம் படைக்குப் படை மாறும். இந்திய ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர், சிங்கப்பூரில் 2.4, அமெரிக்கத் தரைப்படையில் 2 மைல். கீழே எல்லாக் கணக்கும் 2.4க்குத்தான், அதாவது 400 மீட்டர் ட்ராக்கில் சரியாக 6 ரவுண்டு. 1.6 ஓடுகிறவர்கள் 4 ரவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், முறை மாறாது.

படி 1: இப்போதைய நேரத்தை எடுங்கள்

வார்ம்-அப் செய்துவிட்டு ஒரே ஒரு முறை முழுத் தூரம் ஓடி, வந்த நேரத்தை ஆறால் வகுங்கள். 13:12 வந்தால் ரவுண்டுக்கு 2:12. இலக்கு 12:00 என்றால் ரவுண்டுக்கு 2:00. மொத்தமாக 72 நொடி என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். ரவுண்டுக்கு 12 நொடிதான்.

ட்ராக்கில் ஜிபிஎஸ் வாட்ச்சை நம்பாதீர்கள். வளைவுகளில் அது தன் இஷ்டத்துக்குத் தூரம் காட்டும். லேப் பட்டன் உள்ள சாதாரண ஸ்டாப்வாட்ச் போதும். ஓடுவது உள்ளோரம் இருக்கும் முதல் லேனில்தான். இரண்டாவது லேனில் ஒரு ரவுண்டு கிட்டத்தட்ட 407 மீட்டர். ஆறு ரவுண்டுக்கு 40 மீட்டருக்கு மேல் கூடிவிடும். இந்த வேகத்தில் அது மட்டுமே 12 நொடி!

படி 2: வாரத்துக்கு மூன்று நாள் மெதுவாக ஓடுங்கள்

எவ்வளவு மெதுவாக? பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு. 25 நிமிடத்தில் தொடங்கி, வாரா வாரம் கொஞ்சம் கூட்டி, ஒரு நாளை மட்டும் 45 நிமிடம் வரை கொண்டுபோங்கள். பார்க்கிறவர்கள் சிரிக்கும் வேகமாக இருந்தாலும் பரவாயில்லை. 12 நிமிட ஓட்டத்துக்கான சக்தியில் பெரும்பகுதி ஆக்சிஜனைக் கொண்டுதான் கிடைக்கிறது. அதைத் தசைக்குக் கொண்டுசேர்க்கும் நுண்குழாய்கள் பெருகுவது இந்த ஓட்டத்தில்தான்.

படி 3: ஒரு நாள் 400 மீட்டர் ஓட்டங்கள்

முதல் இரண்டு வாரம் 400 மீட்டரை 5 தடவை, ஒவ்வொன்றும் 2:06ல். நடுவே 90 நொடி நடை. அடுத்த இரண்டு வாரம் அதே வேகத்தில் 6 தடவை, ஓய்வு 60 நொடி. 5, 6ஆம் வாரங்களில் வேகத்தை 2:00க்குக் கொண்டுவந்து ஓய்வை மறுபடி 90 ஆக்குங்கள். 7ஆம் வாரம் 800 மீட்டரை 3 தடவை, ஒவ்வொன்றும் 4:00ல், ஓய்வு 2 நிமிடம். தெம்பு மிச்சம் இருக்கிறதே என்று 1:50ல் ஓடிக் காட்ட வேண்டாம். பழக வேண்டியது அந்த 2:00ஐத்தான்.

படி 4: முதல் ரவுண்டில் அடக்கி ஓடுவது

எனக்குப் பிடிபட ரொம்ப நாள் எடுத்தது இதுதான். விசில் ஊதியதும் கூட்டம் பாயும், நம் காலும் கூடவே பாயும். முதல் 200 மீட்டரை 60 நொடியில் தாண்ட வேண்டியவர் 50ல் தாண்டிவிடுவார். மூச்சுகூட வாங்காது. காரணம், நுரையீரலும் இதயமும் தேவைக்கு ஈடுகொடுக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதுவரை தசைகள் கையிருப்பை எடுத்துச் செலவழிக்கின்றன. பில் மூன்றாவது ரவுண்டில் வரும். தொடை கனக்கும், தோள் காதுவரை ஏறும், மிச்ச ரவுண்டுகள் 2:15, 2:20 என்று இழுக்கும்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. வாட்ச்சைப் பார்க்காமல் 200 மீட்டர் ஓடி, பட்டனை அமுக்கி, எத்தனை நொடி ஆகியிருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் பாருங்கள். தொடக்கத்தில் ஏழெட்டு நொடி பிசகும். சொன்னதற்கும் வந்ததற்கும் 2 நொடிக்கு மேல் வித்தியாசம் இல்லாத அளவுக்கு வந்துவிட்டால் வேகம் காலில் பதிந்துவிட்டது என்று அர்த்தம்.

தேர்வன்று முதல் ரவுண்டு 2:02, அடுத்த மூன்றும் 2:00. ஐந்தாவதுதான் கண்டம். முடிவும் தெரியாது, தொடக்கத் தெம்பும் இருக்காது. முன்னால் போகிற ஒருவரின் முதுகைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடுங்கள். கடைசி 200 மீட்டரைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, அது தானாக வரும்.

படி 5: வலியும் கடைசி வாரமும்

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்போரம் பரவலாக வலித்தால் இரண்டு மூன்று நாள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, தூரத்தைக் குறைத்துத் தொடங்குங்கள். ஒரே புள்ளியில் விரலை வைத்தால் சுருக்கென்று வலித்து, ஓட ஓட அதிகமானால் எலும்பில் கீறலாக இருக்கலாம். தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

8ஆம் வாரம் பாதி தூரம் போதும். புது ஷூவை அந்த வாரம் மாட்டாதீர்கள்.

பின்சேர்க்கை

பின்னூட்டத்தில் இரண்டு பேர் ஒரே சிக்கலைச் சொல்லியிருந்தார்கள்: பயிற்சியில் வந்த நேரம் தேர்வில் வரவில்லை. விசாரித்தால், அவர்களுக்குத் தண்டாலும் சிட்-அப்பும் முடிந்த பிறகுதான் ஓட்டம். உங்களுக்கும் அப்படி என்றால், 5ஆம் வாரத்திலிருந்து 400 மீட்டர் ஓட்டங்களுக்கு முன்னால் தேர்வு வரிசைப்படியே இரண்டையும் செய்துவிட்டு ஓடுங்கள். முதல் தடவை மூச்சு தாறுமாறாகப் போகும். தேர்வில் எப்படிப் போகுமோ அப்படி.

டிரெட்மில் பற்றிக் கேட்டவருக்கு: மெதுவான ஓட்டத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம், சாய்வை 1 சதவீதம் வையுங்கள். படி 4க்கு மட்டும் அது உதவாது. வேகத்தை மெஷின் பார்த்துக்கொண்டால் கால் எப்போது கற்றுக்கொள்ளும்?