2 லட்சம் கிலோமீட்டர் தாண்டிய டீசல் காடி: வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பினாங்கு, புக்கிட் மெர்தாஜாமில் ஒரு செகண்ட் ஹேண்ட் காடிக் கடை. காலை ஒன்பதரை மணி இருக்கும். பார்க்கப் போன பிக்கப்பின் பானட்டில் கை வைத்தேன், சூடாக இருந்தது. "இப்பத்தான் கழுவி, ஒரு சுற்று ஓட்டிட்டு வந்து நிறுத்தினோம்" என்றார் கடைக்காரர். சரி என்று தலையாட்டினேன். சாவியைத் திருப்பியதும் பட்டென்று ஸ்டார்ட் ஆனது. மீட்டரில் 148,000 கிலோமீட்டர்தான் காட்டியது. அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது மாதம், மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியற்காலையில் அது கிளம்ப மறுத்தது. ஏழெட்டு முறை சுற்றிய பிறகு வெள்ளையாகப் புகையைக் கக்கிக்கொண்டு ஒருவழியாக எழுந்தது. பட்டறையில் கழற்றிப் பார்த்தால் என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டரும் போயிருந்தன. செலவு 5,000 வெள்ளியை (ரிங்கிட்) நெருங்கியது. சூடான டீசல் என்ஜின் தன் நோயை மறைத்துக்கொள்ளும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு உறவிலோ நட்பிலோ யார் பழைய டீசல் காடி பார்க்கப் போனாலும் நானும் கூடப் போகிறேன். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே இடங்களில்தான் தவறுகிறோம்.

மீட்டரை மட்டும் பார்ப்பது

எண் பெரிதாக இருந்தால் பயப்படுகிறோம், சிறிதாக இருந்தால் நம்பிவிடுகிறோம். டீசல் விஷயத்தில் இரண்டுமே ஏமாற்றும். பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் இடையே சுமார் 350 கிலோமீட்டர். வாரம் ஒரு தடவை போய்வரும் ஒருவருடைய காடி வருஷத்துக்கு 36,000 கிலோமீட்டர் ஓடிவிடும், ஏழு வருஷத்தில் இரண்டரை லட்சம். ஆனால் அந்த என்ஜின் பெரும்பாலும் நன்றாகச் சூடேறி, ஒரே சீரான வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓடியிருக்கும். டீசல் என்ஜினுக்குப் பிடித்த ஓட்டம் அதுதான்.

இன்னொரு காடி தினமும் பினாங்குப் பாலத்து நெரிசலிலும் பிறை தொழிற்பேட்டைச் சாலைகளிலும் ஏர்கோன் போட்டபடி ஊர்ந்தே வாழ்ந்திருக்கும். மீட்டரில் கிலோமீட்டர் ஏறாது, என்ஜின் மட்டும் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்விலும் காற்று போகும் குழாயிலும் கரி தார் போலப் படிவது இப்படிப்பட்ட காடியில்தான் அதிகம். என்னைக் கேட்டால், ரசீதுகளோடு வரும் 250,000 கிலோமீட்டர் காடி, கதை தெரியாத 120,000 கிலோமீட்டர் காடியைவிட மேல்.

மீட்டரைத் திருப்பிவிடும் பழக்கம் இருக்கவே இருக்கிறது. பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா, ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரம் நைந்திருக்கிறதா, ஸ்டீயரிங்கில் கை படும் இடம் பளபளக்கிறதா என்று பாருங்கள். மீட்டர் 90,000 என்று சொல்லும்போது பெடல் மூன்று லட்சம் என்று சொன்னால் பெடலை நம்புங்கள். சர்வீஸ் புத்தகத்தில் தேதியும் கிலோமீட்டரும் சீராக ஏறுகின்றனவா என்பதையும் வரிவரியாகப் படியுங்கள்.

அது என்ன வேலை செய்தது என்று கேட்காமல் விடுவது

நம் பக்கம் விற்பனைக்கு வரும் டீசல் பெரும்பாலும் பிக்கப்தான், பிக்கப் உழைக்கப் பிறந்த காடி. நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றியதா? கட்டுமான நிறுவனத்தில் ஆளுக்கொரு நாள் ஓட்டியதா? கதவில் வெயில் சாய்த்துப் பாருங்கள், ஒட்டியிருந்த நிறுவனப் பெயரின் தடம் மங்கலாகத் தெரியும். சேசியின் (காடியின் அடிச்சட்டம்) உள்பக்கம் விரலை விட்டால் தோட்டத்துச் செம்மண் காய்ந்து ஒட்டியிருக்கும்.

நான் ரொம்பப் பயப்படுவது மீன் ஏற்றிய காடிக்கு. ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் பின்தட்டின் மூலைகள் வழியாக இறங்கி, நேராகச் சேசியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே புதுப் பெயிண்ட் மின்னும். கீழே படுத்து, டார்ச் அடித்து, ஸ்குரூடிரைவரின் பிடியால் சேசியைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். துரு தின்ற இடம் மொத்தையாக ஒலிக்கும், சில நேரம் பொறுக்கு கழன்று விழும். அங்கே புதிதாகக் கருப்புத் தார் பூசியிருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

சூடான என்ஜினைப் பார்ப்பது

நான் செய்த தவறு இது. முதல் நாளே போன் செய்து, "நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். காலையில் கடை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், "நாளைக்கு வருகிறேன்" என்று கிளம்பிவிடுவது நல்லது.

பினாங்கில் விடியற்காலையில்கூட 24, 25 டிகிரி வெப்பம் இருக்கும். குளிர்நாடுகளில் டீசல் எழத் தாமதித்தால் குளிரைக் காரணம் சொல்லலாம், இங்கே அந்தச் சாக்கு செல்லாது. பேட்டரி நன்றாக இருந்தும் காடி நெடுநேரம் சுற்றித்தான் எழுகிறது என்றால், பெரும்பாலும் இன்ஜெக்டரிலோ பம்பிலோ கம்ப்ரஷனிலோ கோளாறு இருக்கிறது.

ஸ்டார்ட் ஆகும்போது ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்க வேண்டும். கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தால் எரியாத டீசல் வெளியேறுகிறது. வெள்ளைப் புகையில் இனிப்பு வாடை இருந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது, அந்தக் காடியை விட்டுவிடுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கும். கரும்புகை கொஞ்சம் பரவாயில்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் டர்போ குழாயில் கிழிசல் இருந்தாலும் அது வரும்.

அப்புறம் ஆயில் ஊற்றும் மூடி. என்ஜின் ஓடும்போது அதைக் கழற்றி, அதே வாயில் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆவி வருவது இயல்பு. மூடி துள்ளிக் கீழே விழுகிற அளவுக்குப் புஸ்புஸ்ஸென்று காற்று அடித்தால், எரியும் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். சில என்ஜின்களில் இன்ஜெக்டர் அடியிலுள்ள செப்பு வாஷர் கசிந்தாலும் இதே அறிகுறி தெரியும். டொயோட்டா ஹைலக்ஸ் 3.0 லிட்டரில் வந்த 1கேடி என்ஜினுக்கு இது பேர்போன பிரச்சினை. கசியும் வாயு ஆயிலைக் கரியாக்கி, ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்து, கடைசியில் என்ஜினையே பட்டினி போட்டுவிடும். வாஷர் மாற்றிய ரசீது இருந்தால் பெரிய நிம்மதி.

ஆயில் கருப்பாக இருக்கிறது என்று நல்ல காடியை ஒதுக்குகிறவர்களும் உண்டு. டீசலில் ஆயில் மாற்றிக் கொஞ்ச நாளிலேயே கருத்துவிடும், அது நோயல்ல. பார்க்க வேண்டியது அளவை. ஆயில் அளவு பார்க்கும் கோலில் மேல் கோட்டுக்கும் மேலே நின்று, டீசல் வாடை அடித்தால், ஆயிலோடு டீசல் கலக்கிறது. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

இன்ஜெக்டரைச் சோதிக்காமல் வாங்குவது

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் என்ஜின்கள் பலவற்றில் எரிபொருளின் அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும். காடிச் சக்கரத்தில் இருப்பது இரண்டரை பார் மாதிரி, ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த அழுத்தத்தைத் தாங்கும் பாகத்தில் துளி அழுக்கோ தண்ணீரோ போனாலும் சேதம்தான். நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் பயோடீசல் கலக்கிறார்கள். பி10 என்றால் நூற்றுக்குப் பத்துப் பங்கு அதுதான். பயோடீசல் ஈரத்தை அதிகம் இழுக்கும், பழைய டேங்கின் அடியில் படிந்த அழுக்கையும் கிளப்பிவிடும். அதனால் டீசல் ஃபில்டரைக் காலத்தில் மாற்றி, அடியில் சேரும் தண்ணீரை வடித்துவந்தவரா முன்னாள் உரிமையாளர் என்பது மிக முக்கியமான கேள்வி. ஆயில் மாற்றியதை எல்லோரும் சொல்வார்கள், டீசல் ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் பலர் முழிப்பார்கள்.

கம்ப்யூட்டர் ஸ்கேன் போட்டு "பிழைக் குறியீடு எதுவும் இல்லை" என்று காட்டினால் அதோடு நிறுத்தாதீர்கள், குறியீட்டை அழித்துவிட்டுக் காட்டுவது ஒரு நிமிஷ வேலை. டீசல் தெரிந்த பட்டறைக்காரர், இன்ஜெக்டர் எரிக்காமல் திருப்பி அனுப்பும் டீசலை அளக்கும் ரிட்டர்ன் சோதனை செய்வார். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் ஒரு சிறு குழாய், அதன் முனையில் ஒரு சின்ன பாட்டில், என்ஜினைச் சில நிமிஷம் ஓடவிடுவார். நான்கு பாட்டிலிலும் டீசல் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்றில் மட்டும் இரண்டு மடங்கு நின்றால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது. என் காடிக்கு இந்தச் சோதனையை வாங்குமுன் செய்திருந்தால், அன்றைக்கே தெரிந்திருக்கும்.

வால்வும் பிஸ்டனும் நேரம் தவறாமல் அசைய வைக்கும் டைமிங் பெல்ட்டையும் விடாதீர்கள். ஹைலக்ஸின் 1கேடி, பழைய மிட்சுபிஷி டிரைட்டனின் 4டி56 என்ஜின் இரண்டுமே பெல்ட்டில் ஓடுபவை. ஹைலக்ஸில் பெல்ட் மாற்ற வேண்டிய நேரத்தில் டேஷ்போர்டில் விளக்கு எரியும். ஆனால் பெல்ட்டை மாற்றாமலே அந்த விளக்கை அணைத்துவிடலாம். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

கடையைச் சுற்றி மட்டும் ஓட்டிப் பார்ப்பது

சமதளத்தில் ஐந்து நிமிஷம் ஓட்டினால் எந்தக் காடியும் நன்றாகத்தான் இருக்கும். பினாங்குத் தீவில் பார்த்தால் பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவுக்குப் போகும் துன் சர்டோன் மலைச்சாலையில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏறுங்கள். டர்போ சைரன் போல ஊளையிடக் கூடாது, ஆட்டோ கியர் மாறும்போது என்ஜின் மட்டும் உறுமிக்கொண்டு காடி தயங்கக் கூடாது, வெப்பமானி முள் நகரக் கூடாது. மேலே போய் நிறுத்தி, கீழே ஏதாவது சொட்டுகிறதா என்று பாருங்கள்.

2017 நவம்பரில் பினாங்கிலும் 2021 டிசம்பரில் ஷா ஆலம் பக்கமும் வந்த வெள்ளத்தில் எத்தனையோ காடிகள் மூழ்கின. அவை மாநிலம் மாறி விற்பனைக்கு வரலாம். இருக்கை வாரைக் கடைசிவரை இழுங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் போதும், அதற்கு மேல் எதையும் பார்க்க வேண்டாம்.

"புஸ்பாகோம் பாஸ், பயப்படாதீங்க" என்று, வாகனப் பரிசோதனை நிலையத்தைச் சொல்லி விற்பவர் தேற்றுவார். பி5 சோதனை பெயர் மாற்றத்துக்கு, பி7 வங்கிக் கடனுக்கு. சேசி எண் சரியா, என்ஜின் எண் சரியா என்பது அங்கே தெரியும். உங்கள் டர்போ இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. கெரானில் (காடியின் உரிமைப் பத்திரம்) வங்கி உரிமை நிற்கிறதா, சமன் (அபராதம்) பாக்கி இருக்கிறதா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

டீசல் மலிவு என்ற பழைய கணக்கும் இப்போது சரிவராது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் ஒரே நாளில் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்கு ஏறியது. பெட்ரோல் ரோன்95-ஓ, 2025 செப்டம்பர் இறுதியில் மலேசியர்களுக்கு 1.99 வெள்ளிக்கு வந்தது. தினமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் டீசல் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. காசும் மிச்சமாகாது, என்ஜினும் கரி பிடிக்கும்.

சென்ற மாதம் அக்கா மகனுக்காக மூன்று பிக்கப் பார்த்தோம். இரண்டை அரை மணி நேரத்தில் விட்டுவிட்டோம். மூன்றாவது, பட்டர்வொர்த்தில் ஒரு விற்பனைப் பிரதிநிதியின் சொந்தக் காடி. "மாமா, 270,000 ஓடியிருக்கே" என்று அவன் பின்வாங்கினான். பானட் சில்லென்று இருந்தது. முதல் சுற்றிலேயே எழுந்தது, பாட்டில் நான்கும் ஒரே மட்டத்தில் நின்றன. உரிமையாளர் ஒரு ஃபைலை நீட்டினார், டீசல் ஃபில்டர் மாற்றிய ரசீதுகள் தேதிவாரியாக இருந்தன. டைமிங் பெல்ட்டை இரண்டாவது முறை மாற்றியதற்கு மட்டும் ரசீது இல்லை. அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளச் சொன்னோம், ஒத்துக்கொண்டார். பெயர் மாற்றி முடித்த அன்று மாலையே காடியைப் பட்டறையில் விட்டு பெல்ட்டை மாற்றினோம்.