வேளாங்கண்ணிக்கு ஒரு நாள் போகும் மாணவர்கள் தவிர்க்க வேண்டியவை

தேர்வு நெருங்கினால் தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் கல்லூரி விடுதிகளிலிருந்து வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறுகிறவர்கள் கூடிவிடுவார்கள். நானும் அப்படிப் போனவன்தான். முதல் முறை திரும்பியபோது பையில் ஒரு குப்பி எண்ணெயும் கைப்பேசியில் நாற்பது படங்களும் இருந்தன. ஜெபித்த நினைவுதான் இல்லை.

முதல் தவறு தேதியில் நடக்கிறது. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை ஊர் கொள்ளாத கூட்டம். காவி உடுத்தி நடந்து வருகிறவர்களோடு சேர்ந்து நடக்க ஆசையென்றால் அந்த நாட்கள்தான் சரி. அமைதியாக உட்கார இடம் வேண்டுமென்றால் சாதாரண வாரநாளில் போங்கள்.

அடுத்தது, உச்சிவெயிலில் போய் இறங்குவது. பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் இடையே மணல் பாதை இருக்கிறது. நேர்ந்துகொண்டவர்கள் அதில் முழங்காலிட்டுப் போவார்கள். நண்பர்கள் போகிறார்களே என்று ஒரு மாணவன் சித்திரை வெயிலில் இறங்கி, பாதியில் தோல் வழன்று எழுந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். வலியைவிட வெட்கம்தான் அவன் முகத்தில் இருந்தது. அதே பாதையில் ஒருநாள் விடியற்காலையில் ஒரு பாட்டி போய்க்கொண்டிருந்தார். முன்னால் ஒரு துண்டு விரித்திருக்கும். அவர் அதைக் கடந்ததும் பேத்தி பின்னாலிருந்து உருவி, மணலை உதறி, மறுபடி முன்னால் விரிப்பாள். அவசரமே இல்லை. முழங்காலிடுவது யாருக்கும் கட்டாயமும் இல்லை. ஓரத்தில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் சிலுவைப்பாதை நிலைகள் இருக்கின்றன; அவற்றில் நின்று நின்று நடந்தாலே போதும்.

என் கணக்கில் பெரிய தவறு பேரம். "முதல் வகுப்பு கொடு, மொட்டை போடுகிறேன்" என்று ஆரம்பித்து அதிலேயே ஜெபம் முடிந்துவிடுகிறது. இந்த ஊரின் கதையோ நேர்மாறானது. குளத்தங்கரையில் பால் கொண்டுபோன சிறுவனிடம் மாதா பால் கேட்டார். நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனிடம் மோர் கேட்டார். நாகப்பட்டினத்துக்குப் போய்ச் செய்தி சொல்லச் சொன்னார். அவன் எழுந்து ஓடினான். கேட்டது மாதா, கொடுத்தது பையன்கள். தேர்வுக் கவலையைச் சொல்லக் கூடாது என்பதில்லை. சொல்லிவிட்டு, உன்னிடம் என்ன கேட்கப்படுகிறது என்று யோசிக்கவும் கொஞ்ச நேரம் ஒதுக்கு. அதற்கு நடுத்திட்டு நல்ல இடம். பலர் பேராலயத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கடைத்தெருவுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

பூசை விஷயத்தில் மூன்று. நற்கருணை, அதாவது பூசையில் தரும் அப்பம், வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. பஸ் நிலையத்தில் இட்லியை முடித்துவிட்டு நேரே பூசைக்கு ஓடுகிறவர்களுக்கு இது நினைவுக்கு வருவதே வரிசையில் நிற்கும்போதுதான். கத்தோலிக்கரல்லாத நண்பர்களை அந்த வரிசையில் இழுத்துவிடாதீர்கள். அவர்கள் இருக்கையிலேயே இருக்கலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது, செய்வதாக இருந்தால் பூசை மணி அடித்த பிறகு குருவைத் தேடாதீர்கள்.

கடல் கடைசியில் இருக்கட்டும். காலையிலேயே அலையில் இறங்கினால், நனைந்த கால்சட்டையோடு ஆலயத்துக்குள் நுழைய முடியாமல் பாதி நாள் வெளியிலேயே கழியும். 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு, இங்கே திருப்பயணமாக வந்த பலரைச் சுனாமி கொண்டுபோனது. அவர்களுக்கான நினைவிடம் ஊரிலேயே இருக்கிறது. அங்கே நின்று ஒரு ஜெபமாலை சொல்ல இருபது நிமிடம் ஆகும்; நாகப்பட்டினம் போகும் அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் போதும்.